திருகாணிதான் திரும்பணும்

என் மகளுக்குக் காது குத்திய அன்று ஆசாரியிடம் சண்டைக்குப் போன ஒரே ஆள் எங்கள் மதினிதான். வீரபாண்டிக் கோயிலில், தாய்மாமன் மடியில் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருக்கிறது. நாங்கள் எல்லோரும் வாழைப்பழத்தையும் கிலுகிலுப்பையையும் ஆட்டி அழுகையை அமர்த்தப் பார்க்கிறோம். ஆசாரி கம்மலை ஓட்டையில் விட்டு, முன்பக்கத்தைப் பிடித்துத் திருகினார். அவ்வளவுதான், மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

“ஐயா, கம்மலத் திருப்பாதீக. கம்மல் அப்படியே நிக்கணும். பின்னாடி திருகாணிதான் திரும்பணும்.”

ஆசாரி நிமிர்ந்தார். “எங்கப்பன் காலத்துலருந்து காது குத்துறோம்மா.”

“குத்துங்க, வேணாங்கல. புது ஓட்டைய்யா அது. கம்மல் திரும்புனா ஓட்டையோட வாய் புண்ணாப் போகும்.”

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே கம்மலை அசையாமல் பிடித்து, திருகாணியைத் திருப்பினார். ரெண்டாவது காதுக்கு மதினி வாயைத் திறக்க வேண்டியே வரவில்லை. பக்கத்திலேயே நின்றார், அது போதுமாக இருந்தது.

மதினிக்கு நகைத் தொழில் ஒன்றும் தெரியாது. அவர் படகு வேலைக்காரர். தேனியில் படகு வேலையா என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்பார்கள். மதினியே சில நாள் கேட்டுக்கொள்வார்.

என் அண்ணனின் மனைவி அவர். வருசநாட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன்பு அவர் பார்த்த பெரிய தண்ணீர், மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்குகிற செந்தண்ணீர்தான். அண்ணன் அப்போது கொச்சியில் ஃபைபர் படகு செய்கிற பட்டறையில் இருந்தான். கல்யாணமாகி அங்கே போனவர், வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் அதே பட்டறையில் சேர்ந்துகொண்டார். படகு வார்த்து முடிந்ததும் அதன்மேல் கம்பி, கொக்கி, கைப்பிடி என்று சாமான்கள் பூட்டுவார்கள். அந்தப் பூட்டு வேலையில் மதினியைப் போட்டார்கள். சிலருக்குப் பேய் பிடிக்கும், சிலருக்குச் சாமி வரும். மதினிக்கு ஓட்டை பிடித்தது.

சில வருஷம் கழித்து இருவரும் ஊர் திரும்பி, தேனியிலிருந்து வீரபாண்டி போகிற சாலையில் ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். தண்ணீர்த் தொட்டி, குளியலறைக் கதவு, பூங்காவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற யானை, எப்போதாவது ஒரு பரிசல், அபூர்வமாக ஒரு படகு. அச்சில் வார்ப்பது அண்ணன். தேய்த்துப் பெயின்ட் அடிப்பது நான். ஓட்டை என்று ஒன்று எதில் வந்தாலும் அது மதினியின் எல்லை. அவரைக் கேட்காமல் துளை போடுகிற மிஷினைக் கையில் எடுத்தவனுக்கு அன்று மத்தியானக் குழம்பில் உப்பு இருக்காது.

ஃபைபர் படகின் மேல்தளம் பார்க்க ஒரே கெட்டியாகத்தான் தெரியும். உண்மையில் அது போளி மாதிரி. மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவில் பூரணமாகப் பலகை. தோல் வழியாகத் தண்ணீர் போகாது. ஆனால் ஒரு போல்ட் பூட்டுவதற்காக ஓட்டை போட்ட நிமிஷமே உள்ளே இருக்கிற பலகைக்கு வாசல் திறந்துவிடுகிறது. அந்த வழியாகச் சொட்டுச் சொட்டாக ஈரம் இறங்கினால், பலகை உள்ளுக்குள்ளேயே ஊறி அவலாகிவிடும். வெளியே பளபளப்பு ஒரு மாற்றுக் குறையாது. என்றைக்கோ ஒரு நாள் காலை ஊன்றினால் பொதுக்கென்று இறங்கும்.

மற்றவர்கள் ஓட்டை போடுவார்கள், வாயில் கொஞ்சம் பசை தடவுவார்கள், போல்ட்டை முறுக்குவார்கள், டீ குடிக்கப் போவார்கள். மதினி முதலில் தேவைக்கு மேல் பெரிதாக ஓட்டை போடுவார். வளைத்த ஆணியை உள்ளே விட்டு ஓரத்துப் பலகையைக் கொஞ்சம் சுரண்டி எடுப்பார். அடியில் டேப் ஒட்டி, அந்தக் குழியை ரெசின் கூழால் நிரப்பிவிட்டு இறுகும்வரை காத்திருப்பார். இறுகியதும் அதன் நடுவிலேயே மறுபடியும் ஓட்டை, இந்தத் தடவை போல்ட் அளவுக்கு. இப்போது போல்ட்டைச் சுற்றி இருப்பது பலகை இல்லை, கல் மாதிரி ரெசின். ஓட்டையின் வாயை லேசாகச் சாய்த்துச் சீவி, பசை அதில் மோதிரம் போல உட்காரும்படி வைத்து, போல்ட்டை இறக்கி, அரை முறுக்கோடு நிறுத்திவிடுவார். பசை ரப்பராக இறுகிய பிறகு, மறுநாள்தான் முழு முறுக்கு. அன்றே முழுசாக முறுக்கினால் ஈரப்பசை அத்தனையும் பிதுங்கி வெளியே வந்துவிடும், உள்ளே அடைக்க ஒன்றும் மிஞ்சாது.

“போட்ட ஓட்டைய அடைக்கிறா. அடைச்ச எடத்துலயே திரும்ப ஓட்டை போடுறா. இவள நான் என்னான்னுலே சொல்ல?” என்பான் அண்ணன். மதினிக்குக் கேட்கும்படிதான் சொல்வான்.

முழு முறுக்குக்கு ரெண்டு ஆள் வேண்டும். மேலே ஒருவர் போல்ட்டின் தலையை ஸ்க்ரூடிரைவரால் அசையாமல் பிடித்துக்கொள்ள, கீழே ஒருவர் நட்டை மட்டும் திருப்ப வேண்டும். தலை திரும்பினால் அதைச் சுற்றிப் பிடித்திருக்கிற பசை பிய்ந்துபோகும். மதினி ஒடிசலான ஆள், எந்தப் பொந்துக்குள்ளும் நுழைந்துவிடுவார். அதனால் கீழே எப்போதும் மதினி, மேலே அண்ணன். நடுவில் ஒரு விரல் கனத்துக்குத் தளம். புருசன் பெண்டாட்டி பேச்சு பாதி அதன் வழியாகத்தான் நடக்கும்.

“பிடிச்சிருக்கீகளா?”

“பிடிச்சிருக்கேன்.”

“அசையுதா?”

“அசையல.”

“அசையுது. நீங்க செல்ல நோண்டுறீக.”

மேலே அண்ணன் திடுக்கிட்டுச் செல்லைச் சட்டைப் பைக்குள் போடுவான்.

கொச்சி மதினிக்கு இன்னொன்றையும் கொடுத்து அனுப்பியிருந்தது. தண்ணீருக்கு மலையாளத்தில் வெள்ளம். எங்கே ஒழுகினாலும் மதினி வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான். ஒரு ஐப்பசி மாதம், விடாத மழை. காலையில் கொட்டகைக்குள்ளிருந்து “வெள்ளம்! வெள்ளம் கேறுது!” என்று ஒரே கத்தல். பக்கத்து மர அறுவைக்காரர்கள் முல்லையாறு உடைத்துக்கொண்டது என்று பைக்கை எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் விரட்டிவிட்டார்கள். நான் பதறி ஓடிப் போய்ப் பார்த்தால், ஒரு தொட்டியின் அடியில், குழாய் பூட்டிய இடத்தில், மூக்குத்தி அளவுக்கு ஒரு சொட்டு. மதினி அதை ஆள்காட்டி விரலால் சுட்டிக்கொண்டு நிற்கிறார், பாம்பைக் காட்டுவது போல.

அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்காரர், இப்படி ஒரு குடித்தனம் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரில் ஓர் ஆணி கிடையாது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். சாமி படங்கள் அலமாரியில் சாய்ந்து நிற்கும். கல்யாணப் போட்டோ கட்டிலுக்கு அடியில், துணி சுற்றிப் படுத்திருக்கும்.

“நல்ல போட்டோ மதினி, மாட்டலாம்ல?” என்றேன் ஒரு நாள்.

“ஓட்டை போட்டு மாட்டிரலாம் கொழுந்தனாரே. வீடு மாறும்போது அந்த ஓட்டைய யாரு அடைக்கிறது?”

“அண்ணன் முகத்தப் பாக்க வேணாமா?”

“அதத்தான் கொட்டகையில பாக்குறேனே. ஸ்க்ரூவும் கையுமா.”

சித்திரைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வீரபாண்டி போயிருந்தோம். அங்கே முன்னும் பின்னும் ஆடுகிற பெரிய கப்பல் ராட்டினம் போட்டிருந்தார்கள், ஃபைபர் கப்பல்தான். மதினியை வற்புறுத்தி ஏற்றினோம். கப்பல் வானத்துக்குப் போய்த் திரும்புகிறது, பெண்டுகள் பிள்ளைகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அலறுகிறார்கள். மதினி மட்டும் கண்ணை அகல விரித்து, குனிந்து, காலடியில் கம்பி பூட்டியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு வருகிறார். இறங்கியதும் நேராக ராட்டினக்காரனிடம் போனார்.

“தம்பி, கம்பி பூட்டுன எடத்துல பசையே இல்ல.”

“இது தண்ணியில போற கப்பல் இல்லக்கா.”

“மழையில நிக்கும்ல?”

ராட்டினக்காரன் இன்னொரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். மதினி திரும்ப ஏறவில்லை. பஞ்சுமிட்டாய் வாங்கித் தின்றுகொண்டு, போகிற வருகிறவர்களை ‘ஏறாதீக’ என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணனும் மதினியும் கொச்சிப் பக்கமே திரும்பப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. நான் இங்கே தொட்டியும் கதவும் செய்துகொண்டிருக்கிறேன். பொங்கலுக்கு எல்லோருக்கும் வாட்ஸ்ஆப்பில் கரும்பும் பானையும் வரும். எனக்கு மதினியிடமிருந்து ஏதோ ஒரு படகின் போல்ட் தலை வரும். “எப்படி உக்காந்திருக்கு பாருங்க” என்று கீழே ஒரு வரி. நானும் ஒரு கும்பிடு போட்டு அனுப்புவேன்.

மதினியைப் பற்றிப் பேசினால் அந்த அணைப் படகைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

வைகை அணையில் மீன் பிடிக்கிற சில குடும்பங்கள் சேர்ந்து எங்களிடம் ஒரு படகு கேட்டார்கள். அவர்கள் சார்பில் எல்லாம் பேசியது பேச்சியம்மா என்கிற அக்கா. அவருக்கு அந்தப் பெயரை வைத்தவர் தெரிந்துதான் வைத்திருக்கிறார். அண்ணனுக்கு அதுதான் கனவு, தேனியில் செய்த படகு தேனித் தண்ணீரில் மிதக்க வேண்டும் என்று. ராத்திரி பகல் பார்க்காமல் வார்த்தான். படகின் மூக்கில், கயிறு கட்டுவதற்கு இரும்புக் கொம்பு ஒன்று பூட்ட வேண்டும். அது கடையிலிருந்து தாமதமாக வந்தது. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய நாள் காலையில்தான் மதினி அதை இறக்கி, பசை வைத்து, அரை முறுக்கில் நிறுத்தினார். மறுநாள் அணைக்கே வந்து முழு முறுக்குப் போடுவதாகப் பேச்சு.

லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். கரையில் பேச்சியம்மாவும் அவர் கூட்டத்தாரும் மாலை, தேங்காய், சூடத்தோடு நின்றார்கள். சூடம் காட்டுகிற நேரத்தில் ஒருவர், “வெயிலுக்கு ஒரு தார்ப்பாய் கட்டக் கம்பி இருந்தா நல்லாருக்கும்ல?” என்றார். கம்பி கையோடு கொண்டு வந்திருந்தார்கள். அண்ணன் அன்று சந்தோஷத்தில் இருந்தான். சந்தோஷத்தில் இருக்கிற ஆம்பளை எதைக் கேட்டாலும் செய்வான். மிஷினை எடுத்து மேல்தளத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளை போட்டான், ஸ்க்ரூவை நேராக இறக்கினான், கம்பியை நிறுத்திவிட்டான். ரெசின் இல்லை, பசை இல்லை.

தேங்காய் உடைக்கப் போயிருந்த மதினி திரும்பி வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“கழட்டுங்க. படகு இன்னைக்குத் தண்ணியில எறங்கக் கூடாது.”

“நல்ல நேரம் போகுது. அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்புறமா? பலகை ஊறுன பெறகா? ஏங்க, இவுக இதுல ஏறித்தான் பொழைக்கணும். பிள்ளைகுட்டிக்காரவுக. கழட்டுங்கன்னா கழட்டுங்க!”

குரல் அணைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். கரையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனுக்கு என்ன தோன்றியதோ, சிரித்துக்கொண்டே அவர்கள் பக்கம் திரும்பினான்.

“நீங்க கண்டுக்கிடாதீக. படகு செஞ்சது நான். இவ ஓட்டை அடைக்க வந்தவ.”

சிலர் சிரித்தார்கள். மதினி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு படகின் முன்பக்கத்துப் பெட்டிக்குள் ஊர்ந்து போனார். தளத்துக்கு அடியில், கொம்புக்கு நேர் கீழே இருக்கிற பெட்டி அது. உள்ளே நட்டுகள் கிறீச்சிடுவது எனக்குக் கேட்டது. மறுநாள் வந்து செய்ய வேண்டிய வேலையை அன்றே முடித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து ஸ்பேனரை என் கையில் வைத்தார்.

“இனி நான் இங்கன வர மாட்டேன் தம்பி. பஸ் எங்கன நிக்கும்?”

அன்றிலிருந்து மதினி அண்ணனோடு பேசவில்லை.

சமைத்தார், பரிமாறினார், சட்டையைத் துவைத்து மடித்து வைத்தார். பேச்சு மட்டும் கிடையாது. அண்ணனும் முதலில் வீம்பு பிடித்தான், அப்புறம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் முழித்தான். சிக்கல் கொட்டகையில்தான். தொட்டிக்குக் குழாய் பூட்ட ரெண்டு ஆள் வேண்டும். உள்ளே மதினி, வெளியே அண்ணன். நடுவில் நான்.

“தம்பி, வெளிய இருக்கவுகளப் பிடிக்கச் சொல்லுங்க.”

“ஏலே, பிடிச்சாச்சுன்னு சொல்லு.”

“பிடிச்சாச்சாம் மதினி.”

“அசையாமப் பிடிக்கச் சொல்லுங்க.”

“அசையாமப் பிடிக்கணுமாம்ணே.”

“கேட்டுச்சுலே, நான் என்ன செவிடா?”

“செவிடான்னு கேக்குறாக மதினி.”

ஒரு நாள் டீ குடிக்கப் போனவன் அங்கே ஒருவரோடு பேச்சில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்தால் அண்ணன் தொட்டிக்கு வெளியே ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி நிற்கிறான், மதினி தொட்டிக்குள் ஸ்பேனரோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ரெண்டு பேரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள். தொட்டிக்குள் வேர்த்து விறுவிறுத்துப்போயிருந்தது மதினிக்கு. “எவ்வளவு நேரந்தான் டீ குடிப்பீக?” என்று கோபம் என்மேல் திரும்பியது.

அம்மா சமாதானம் பேசிப் பார்த்தார், மதினியின் அண்ணன் வருசநாட்டிலிருந்து வந்து பேசிப் பார்த்தார். மதினி எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார். “நான் யாரையும் ஒண்ணும் சொல்லலையே.” அதுதானே பிரச்சினை என்று யாரும் சொல்லத் துணியவில்லை. வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது எனக்கு. நாள் போகப் போக வீட்டில் எல்லோர் குரலும் தணிந்துவிட்டது. ஒரு நாள் மதினியின் துணிப்பெட்டி அலமாரியிலிருந்து இறங்கித் தரையில் இருந்தது. ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்று பார்க்கிறேன் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். சேலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

அந்த வாரம்தான் பேச்சியம்மா போன் செய்தார்.

“தம்பி, முன்பெட்டியில தண்ணி நிக்கிது. சோத்துச் சட்டி மிதக்குது. என்னமோ ஏதோன்னு பயமா இருக்கு, வந்து பாருங்க.”

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். மதினி துணிப்பெட்டியைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு, வளைத்த ஆணியைத் தேட ஆரம்பித்தார்.

அண்ணன் அவன் பைக்கில் முன்னால் போனான். மதினி என் ஸ்கூட்டரில் பின்னால். வழி முழுக்கக் கண்ணாடியில் எனக்கு முகம் தெரிந்தது. ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்பதை வாயால் சொல்லாமல் முகத்தால் மட்டும் சொல்ல முடியும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

படகு கரையில் ஏற்றி வைத்திருந்தது. மதினி நேராகத் தார்ப்பாய்க் கம்பிகளிடம் போனார். முதல் ஸ்க்ரூவைக் கழற்றினார். அதோடு கூடவே வெள்ளையாக, மெழுகுக் கட்டி மாதிரி ஒன்று இழுபட்டு வந்தது.

“இத யாரு அப்புனது?”

“நாந்தான்க்கா,” என்றார் பேச்சியம்மா. “அன்னைக்கு நீங்க அந்தக் கத்து கத்துனீகள்ல. எனக்கு மனசே சரியில்ல. கடையில பசை வாங்கியாந்து, ஒவ்வொண்ணாக் கழட்டி, உள்ள நல்லா அப்பி, திரும்ப முறுக்கிட்டேன். தப்பாக்கா?”

மதினி ஆணியை ஓட்டைக்குள் விட்டுச் சுரண்டினார். தூள் வந்தது, வறுத்த ரவை போலக் காய்ந்த தூள். அடுத்த ஓட்டை, அதற்கடுத்த ஓட்டை. எல்லாம் அப்படித்தான். ஒரு பொட்டு ஈரம் இல்லை. அண்ணன் தொண்டையை ஒரு முறை கனைத்துக்கொண்டான். அவன் சொல்லாமல் விழுங்கிய அத்தனையும் அந்தக் கனைப்பில் இருந்தது. மதினி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மதினி செல் வெளிச்சத்தோடு முன்பெட்டிக்குள் ஊர்ந்து போனார். நான் பெட்டி வாசலில் குனிந்து நின்றேன். அண்ணன் குடத்தால் மேல்தளத்தில் தண்ணீர் ஊற்றினான். ஊற்றிவிட்டு, பழக்க தோஷத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு கொம்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

வெள்ளம் என்ற கத்தலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. குனிந்து உள்ளே பார்த்தேன். கொம்பின் நட்டுகளிலிருந்து, மதினி கையாலேயே முறுக்கிய நட்டுகளிலிருந்து, தண்ணீர் ஒழுங்காக, அவசரமில்லாமல், சொட்டிக்கொண்டிருந்தது. மதினி அதைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தார். ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது, துடைக்கவில்லை.

“தம்பி,” என்றார்.

“சொல்லுங்க மதினி.”

“ஒண்ணுமில்ல, நீங்க இருங்க.” பிறகு, தளத்தைப் பார்த்து, “ஏங்க” என்றார்.

மேலே ஸ்க்ரூடிரைவர் கை தவறி விழுந்து உருண்டது.

“ஏங்க, மேல இருக்கீகளா?”

“இருக்கேன்.”

“இது உங்க ஓட்டை இல்ல. என் ஓட்டை.”

மதினி விரலால் ஒரு நட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“அன்னைக்குக் கோவத்துல அப்பவே முழுசா முறுக்கிட்டேன். பசை எல்லாம் பிதுங்கி வெளிய வந்துருக்கு. மேல பிடிக்கவும் ஆளில்ல, தலையும் சேந்து திரும்பியிருக்கும். தெரிஞ்சேதான் முறுக்குனேன். தெரியாமச் செய்யல.”

அண்ணன் இப்போது ஒரு கெக்கலி கொட்டுவான் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் ஓட்டை ஓட்டையென்று அவனைப் படுத்தியதற்கு, கொட்டியிருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. அவன் ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்தான். போல்ட்டின் தலையில் வைத்து அழுத்திப் பிடித்தான்.

“பிடிச்சிருக்கேன். நட்டக் கழட்டு. பலகை எவ்வளவு ஊறியிருக்குன்னு பாப்பம்.”

முறுக்கின வேகத்தில் ரெசின் கீறல் விட்டு, சுற்றியிருந்த பலகை கொஞ்சம் கறுத்திருந்தது, கெட்டுப்போகவில்லை. ஊறினதை எல்லாம் மதினி சுரண்டி எடுத்தார். பெட்டிக்குள் காற்றுப் போக, படகை வெயிலில் சாய்த்துக் காயப் போட்டோம். அந்த நாள்களில் தினமும் அண்ணனும் மதினியும் ஒரே பைக்கில் அணைக்குப் போய் வந்தார்கள். ரெசின் ஊற்றினார்கள், இறுகக் காத்திருந்தார்கள், நடுவில் துளை போட்டார்கள், அரை முறுக்கு, மறுநாள் முழு முறுக்கு. என் தபால்காரர் உத்தியோகம் போய்விட்டது. ரெண்டு பேரும் நேராகவே சண்டை போட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கரையில் சொன்ன வார்த்தையைப் பற்றி அண்ணனும் பேசவில்லை, மதினியும் கேட்கவில்லை. அது அங்கேயே கிடந்தது.

தண்ணீரில் இறக்கிப் பார்க்கிற அன்று நானும் போனேன். பேச்சியம்மாவும் அவர் கூட்டத்தார் சிலரும் ஏறிக்கொண்டார்கள். அண்ணன் இன்ஜினைக் கிளப்பினான். மதினி ஏறியதும் ஏறாததுமாக முன்பெட்டிக்குள் போய்விட்டார். பெட்டி வாசலில் கால் ரெண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. படகு நடு அணைக்கு வந்தது. சுற்றிலும் மலை, தண்ணீர் மேல் கொக்குகள், நல்ல காற்று. மதினியின் கால் மட்டும் எங்களோடு வந்துகொண்டிருந்தது.

“மதினி, வெளிய வந்து தண்ணியப் பாருங்க. எம்புட்டு அழகா இருக்கு.”

“அது உள்ள வருதான்னு பாக்கத்தான் வந்திருக்கேன். உங்க சோலியப் பாருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. இன்ஜினை அணைத்தான். படகு ஆடிக்கொண்டு நின்றது. அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, “பேச்சியம்மா,” என்றான். “அன்னைக்குக் கரையில வச்சு, உங்க எல்லாரு முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

பேச்சியம்மா முன்பெட்டிப் பக்கம் கையைக் காட்டினார். “என்கிட்ட ஏன்ணே சொல்றீக? காலு அங்கன கெடக்கு. அங்கன சொல்லுங்க.”

அண்ணன் எழுந்து, தடுமாறி, முன்பக்கம் போய் அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். எங்கள் அண்ணன் கும்பிட்டுப் பழக்கமில்லாதவன், மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன்.

“ஏத்தா, அன்னைக்கு நான் பேசுனது தப்பு,” என்றான் கால்களிடம். “ரொம்பத் தப்பு.”

அதுவரை ஆடிக்கொண்டிருந்த கால்கள் நின்றுவிட்டன. மெட்டி வெயிலில் அசையாமல் மின்னியது. பேச்சியம்மாகூடப் பேசவில்லை.

ரொம்ப நேரம் கழித்துத்தான் மதினி பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்தார். தலை முழுக்க ஃபைபர் தூள். ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத பெட்டிக்குள்ளிருந்து வந்தவரின் முகம் முழுக்க நனைந்திருந்தது.

“லீக்கா மதினி?” என்றேன்.

“போங்க கொழுந்தனாரே,” என்று சொல்லிவிட்டு, அண்ணன் தோளில் கிடந்த துண்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.